ஜனவரி பதினெட்டு, பத்து முதல் ஒன்று வரை

ஹால்வர் பே நகரத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு ஆர்ன் கோஸ்கெலாதான் பொறுப்பாளர். குழி தோண்டுவது, புல் வெட்டுவது, கேட்டைத் திறந்து மூடுவது எல்லாம் அவன் தலையில்தான். இருபத்தாறு வருஷ நகராட்சி உத்தியோகம். இந்தக் கதை ஆரம்பித்த அக்டோபர் மாதத்தில் அவன் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. அதை மட்டும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவான். மற்றபடி வாயைத் திறக்கிற ஆள் இல்லை. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் இந்தச் சுப்பீரியர் ஏரிக்கரைக்காரர்கள் பொதுவாகவே பேச்சில் கஞ்சர்கள். அதிலும் நகராட்சித் தொழிலாளி என்றால் கேட்கவே வேண்டாம். ஆபீஸிலிருந்து ஏதாவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அது நாளைக்கு நம் தலையிலேயே வேலையாக வந்து விழும். நகராட்சிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எவனுக்கும் இது படிந்துவிடும்.

நல்ல பழக்கம்தான். ஒரு மனுஷனை அவன் மனைவியின் குழியருகே நிற்க விடாமல் அடித்ததும் அதே பழக்கம்தான்.

அந்த மனுஷனின் பெயர் டெல்பர்ட் ட்ரெவாரோ. எழுபத்து நாலு வயது, ஆறடி இரண்டங்குலம். முப்பத்தொரு வருஷம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டி, கடைசியில் மேஸ்திரியாகி ஓய்வு பெற்றவர். ஆர்னுக்கு முதல் பதினொரு வருஷம் அவர்தான் மேஸ்திரி. ஆர்ன் இன்னமும் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவான்.

அக்டோபரில் நடந்தது இது. அந்த ஊரில் மேயர் என்பவர் சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தை ஆரம்பிக்கிறவர், அவ்வளவுதான். நிஜமான பிடி நகர மேலாளர் கையில். வேலைக்கு ஆள் வைப்பதும் நீக்குவதும் அவர். நகராட்சியின் நிலம், கட்டடம், பூங்கா, கல்லறை எல்லாவற்றுக்கும் சாவி அவர். அப்போது மேலாளராக இருந்தவர் மெரிடித் ஹோல்ட். வெயில் காயும் அரிசோனாவிலிருந்து அந்த ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்த அம்மாள். சுறுசுறுப்பானவர், கெட்டவர் இல்லை. ஏரிக்கரையில் மக்கள் கூடாரம் போடுகிற இடத்தை வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு வருஷம் பதினொரு மாதத்துக்குக் குத்தகைக்கு விட்டார். மூன்று வருஷக் குத்தகை என்றால் நகர மன்றம் ஓட்டுப் போட வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மேலாளரின் கையெழுத்தே போதும். அந்த ஒரு மாதம் ஏன் காணாமல் போனது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இதை எதிர்த்து டெல்பர்ட் மன்றக் கூட்டத்தில் எழுந்தார். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். மணி அடித்த பிறகும் இவர் ஆறு நிமிஷம் பேசினார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை மேலாளரின் அறைக்கே போய் நின்று, பேச்சு சூடேறி, மேஜையில் ஓங்கிக் குத்தினார். மேல் கண்ணாடி உடைந்து ஒரு சில்லு அந்த அம்மாளின் மணிக்கட்டைக் கிழித்தது. இரண்டு தையல். அவரை அடிக்க வேண்டும் என்று டெல்பர்ட் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் அந்த உருவம் எதிரே நின்று குத்தினால் யாரும் ஓரடி பின்வாங்கத்தான் செய்வார்கள்.

அன்று மதியமே காகிதம் வந்தது. நகராட்சிக்குச் சொந்தமான எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு டெல்பர்ட் ட்ரெவாரோ காலெடுத்து வைக்கக் கூடாது. எந்த இடம் என்று பிரித்து எழுதவில்லை; அச்சடித்த படிவம், 'எல்லா இடமும்' என்றுதான் இருக்கும். மாற்ற வேண்டுமானால் மேலாளர் ஒருவரால்தான் முடியும். பத்து நாளுக்குள் எழுதிக் கேட்கலாம்.

ஆர்ன் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். "பாஸ், நாலு வரி எழுதிக் கொடுங்க. 'கண்ணாடிக்கு வருத்தப்படறேன்'னு போட்டாப் போதும். அவங்க குறைச்சிடுவாங்க."

"நான் எதுக்குடா எழுதணும்? முப்பத்தொரு வருஷம் அவங்க ரோட்டுல பனி தள்ளியிருக்கேன். எழுதறதா இருந்தா அவங்க எனக்கு எழுதட்டும்."

"அந்தக் காகிதத்தையாவது காட்டுங்க."

"சாவ்னா நீராவிக் குளியலறை அடுப்புல போட்டுட்டேன். நல்லாத்தான் எரிஞ்சுது."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி லெம்பி சிரித்தார். சின்ன உருவம், பெரிய சிரிப்பு. "விடு ஆர்ன். நகர மண்டபத்துக்குப் போகக் கூடாது, நூலகத்துல போய் உக்காந்து வம்பளக்கக் கூடாது. நாப்பத்தெட்டு வருஷமா நான் சொல்லிக் கேக்காததை அந்தம்மா ஒரு கையெழுத்துல சாதிச்சுட்டாங்க."

"சிரிக்காதடி. கல்லறைத் தோட்டமும் நகராட்சியோடதுதான்," என்றார் டெல்பர்ட்.

லெம்பியின் சிரிப்பு நின்றுபோனது. அவர்களுக்கு இருந்தது ஒரே பெண், ஜோயேன். பத்தொன்பது வயதில், பனியில் சறுக்கிய காரில் போய்விட்டாள். தோட்டத்தின் கிழக்குப் பகுதியில் அவள் கல். பக்கத்தில் இரண்டு இடத்தை அப்போதே இவர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். ஞாயிறு தவறாமல் தேவாலய ஆராதனை முடிந்து அங்கே போவது இருவருக்கும் வழக்கம்.

"அந்த இடம் என் பேர்ல இருக்கு. பத்திரம் இருக்கு. என் நிலத்துக்குள்ள நான் போறதை எவன் தடுப்பான்?" என்றார் டெல்பர்ட்.

இதற்குப் பதில் ஆர்னுக்குத் தெரியும். பத்திரத்தை எழுதித் தருவதே அவன் ஆபீஸ்தானே. அந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அது நிலப் பத்திரம் இல்ல, பாஸ். அங்க புதைச்சுக்கற உரிமை மட்டும்தான் உங்களோடது. மண்ணு நகராட்சியோடது."

டெல்பர்ட் எழுந்து காபிப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லெம்பி மட்டும் கேட்டுக்குள் நடந்து போவார். டெல்பர்ட் மாநில நெடுஞ்சாலையின் ஓரம் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். அந்த மண் மாநிலத்துடையது, நகராட்சிக்கு அதில் பேச்சில்லை. எல்லைக் கல் எங்கே என்று ஆர்னே காட்டிக் கொடுத்திருந்தான். ஜோயேனின் கல் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் சாலையிலிருந்து தெரியாது. லெம்பி திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மகளுக்கு என்ன பூ வைத்தேன், எந்த அணில் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்.

ஜனவரி பதினான்காம் தேதி காலையில் லெம்பி காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். இதயம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் மெரிடித் ஆர்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் ஒண்ணும் ராட்சசி இல்ல, ஆர்ன். பொண்டாட்டி அடக்கத்துக்கு ஒரு மனுஷனை வரக்கூடாதுன்னு சொல்ல என்னால முடியாது. அனுமதி எழுதியிருக்கேன். உங்க தோட்டத்து விஷயம், நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க. சரியா இருக்கா?"

ஆர்ன் படித்தான். டெல்பர்ட் ட்ரெவாரோ தம் மனைவியின் அடக்கத்துக்காக ஜனவரி பதினெட்டாம் தேதி காலை பத்து முதல் மதியம் ஒன்று வரை கல்லறைத் தோட்டத்துக்குள் வரலாம். கையெழுத்து.

படித்தவுடனே அவனுக்கு உறைத்தது. அந்த ஊரில் நவம்பர் முடிந்தால் மண் நாலடி ஆழத்துக்கு உறைந்துபோகும். ஒருவரையும் புதைப்பதில்லை. கோயிலில் ஆராதனை முடிந்ததும் சவப்பெட்டி தோட்டத்துக்கு வரும். மேட்டின் அடியில் கல்லால் கட்டிய பனிக்கால அறையில் வைத்துப் பூட்டுவார்கள். மே மாதம் மண் இளகிய பிறகு ஆர்ன் வரிசையாக ஒவ்வொருவராகப் புதைப்பான். அறையில் அப்போதே எட்டுப் பெட்டி இருந்தது. பதினெட்டாம் தேதி லெம்பி அந்த அறையின் கதவு வரைதான் போவார். அடக்கம் மே மாதத்தில். அரிசோனாக்காரிக்கு இது எப்படித் தெரியும்? அவர் பிறந்த ஊரில் செத்தவரை அந்த வாரமே புதைத்துவிடுவார்கள்.

'அடக்கம் எந்த நாளோ அந்த நாளுக்கு' என்று திருத்த அரை நிமிஷம் ஆகாது. பேனா அந்த அம்மாளின் கையிலேயே இருந்தது.

"சரியா இருக்குங்க, மேடம்," என்றான் ஆர்ன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு எத்தனையோ தடவை அவனே அவனைக் கேட்டுக்கொண்டான். பெரிய காரணம் ஏதும் இல்லை. எழுதிய காகிதம் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்டார். காகிதத்தில் எழுத்துப் பிழை இல்லை. மே மாதம் தூரத்தில் இருந்தது. அதற்குள் வேறு யாராவது சொல்வார்கள். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

பதினெட்டாம் தேதி டெல்பர்ட் அந்த அறையின் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குளிரில் காது சிவந்து, பிறகு வெளுத்தது. பெட்டியை உள்ளே தள்ளி ஆர்ன் பூட்டினான்.

"மே மாசத்துக்கு இன்னொரு சீட்டு வாங்கணும். அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லிடறேன், பாஸ். அது என் பொறுப்பு."

பிப்ரவரி போயிற்று. சொல்லவில்லை. தப்பைத் தப்பு என்று போய்ச் சொல்ல வெட்கம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினான். மார்ச் முதல் வாரம் மெரிடித் ஒஹாயோவில் பெரிய நகரம் ஒன்றில் மேலாளர் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த உத்தியோகத்தில் எல்லாரும் அப்படித்தான், பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் அடுத்த ஊர். புது மேலாளர் வர ஆகஸ்ட் ஆகும் என்றார்கள். அதுவரை பொறுப்பு, கணக்குப் பிரிவிலிருந்த கர்ட் பிலான்ஷுக்கு.

ஏப்ரலில் ஆர்ன் அவர் முன்னால் போய் நின்றான். கர்ட் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"என்னால முடியாது, ஆர்ன். என்னை நியமிச்ச தீர்மானத்தைப் படிச்சிருக்கியா? அன்றாட நிர்வாகம் மட்டும்தான் எனக்கு. நகராட்சி இடம் சம்பந்தமா விக்கறது, குத்தகைக்கு விடறது, முன்னாடி போட்ட உத்தரவை மாத்தறது, எதுவும் கூடாது. புது மேலாளர் வர்ற வரைக்கும்."

"அப்படி எதுக்குங்க போட்டாங்க?"

"எதுக்கா? உன் பாஸ் ஒம்பது நிமிஷம் கத்தினாரே, அதுக்குத்தான். மேலாளர் தனியா ஒரு கையெழுத்துல நம்ம இடத்தைத் தூக்கிக் கொடுத்துட்டாங்கன்னு அவர் கிழிச்சதுல மன்றத்துக்கு ரோஷம் வந்திடுச்சு. இனிமே இடைக்கால ஆளு எவனும் இடத்துல கை வைக்கக் கூடாதுன்னு கட்டிப்போட்டுட்டாங்க. அவரு கேட்டதுதான் நடந்திருக்கு."

"மன்றம் கூடி இதுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாமே?"

"கேட்டேன். வக்கீல் வேண்டாம்கிறார். மெரிடித் கைக் காயத்துக்கு நகராட்சிகிட்ட நஷ்ட ஈடு கேட்டிருக்காங்க. இப்பத் தடையை நீக்கினா, அடிச்ச ஆளை நாம அலட்சியமா விட்டுட்டோம்னு அவங்க பக்கம் பலமாயிடுமாம்." கர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜனவரியிலேயே அந்தம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவங்கதான் தர்றதுக்குத் தயாரா இருந்தாங்களே."

அன்று சாயங்காலமே ஆர்ன் டெல்பர்ட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான், தான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. கெட்ட வார்த்தையில் திட்டுவார், ஒரு அறை கூட விடுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லவே இல்லையா?" என்றார் டெல்பர்ட்.

"இல்ல, பாஸ்."

"சரி."

"மில் கிரீக் ஊர்ல கோயில்காரங்களோட கல்லறைத் தோட்டம் இருக்கு. பதிமூணு மைல்தான். நகராட்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. அங்க வச்சா நீங்க நிக்கலாம். எப்ப வேணாலும் போகலாம். குழி நானே போய்த் தோண்டறேன்."

"ஜோயேன் இங்க இருக்கா," என்றார் டெல்பர்ட்.

ஆகஸ்ட் வரை காத்திருக்கவும் வழியில்லை. மே முடிவதற்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் சட்டம். வெயில் வந்த பிறகு அங்கே யாரையும் வைத்திருக்க முடியாது. ஆர்ன் பட்டியல் போட்டான். லெம்பி ட்ரெவாரோ, மே இருபத்தொன்று, காலை பதினொன்று.

இருபதாம் தேதி கர்ட் போன் செய்தார். "நாளைக்கு அவர் வரலாம்னு எனக்குத் தோணுது. வந்தா வெளிய போகச் சொல்ல வேண்டியது அந்த இடத்தோட பொறுப்பாளர், நீதான். போலீஸுக்கும் சொல்லி வச்சிருக்கேன். ஆர்ன், எனக்கு உத்தரவை மாத்தற அதிகாரம் இல்ல. உத்தரவை மதிக்காத ஆளை வேலையை விட்டு எடுக்கறது அன்றாட நிர்வாகம். அந்த அதிகாரம் எனக்கு இருக்கு. என்னை அந்த இடத்துல நிறுத்தாத."

அன்று ராத்திரி ஆர்ன் தன் மனைவி கரோலிடம் ஒன்றும் சொல்லவில்லை. கரோலுக்கு மார்பில் புற்றுநோய், சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஊசிக்கும் மருந்துக்கும் நகராட்சிக் காப்பீடுதான். அவன் வேலை போனால் அதுவும் போகும். ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம்.

காலையில் வெயில் நன்றாக இருந்தது. குழிக்கு மேல் இரும்புச் சட்டம் பூட்டி, இறக்குவதற்கான துணிப் பட்டைகளின் மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். போதகர், லெம்பியின் தங்கை, கோயிலிலிருந்து ஏழெட்டுப் பேர். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டெல்பர்ட் கேட் வழியாக நடந்து வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை. ஒளிந்து வரவில்லை, தான் வருஷக்கணக்காகப் பனி தள்ளிய பாதையின் நடுவே நிதானமாக வந்து பெட்டியின் பக்கத்தில் நின்று அதன் மேல் கையை வைத்தார்.

அவருக்குப் பின்னாலேயே போலீஸ் வண்டி வந்தது. டாமி ரூஸ் என்ற பெண் காவலர் இறங்கி வந்து ஆர்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எனக்கு இது பிடிக்கவே இல்லை, ஆர்ன். அவரு தள்ளின ரோட்டுலதான் நான் ஸ்கூலுக்குப் போனேன். ஆனா சட்டம் இதுதான்: நீங்க வாயால 'வெளிய போங்க'ன்னு சொல்லி அவர் போகலேன்னாத்தான் எனக்கு இங்க வேலை. நீங்க சொல்லலேன்னா நான் பாட்டுக்குத் திரும்பிடுவேன். ஆனா கர்ட் கேட்டா, நீங்க சொல்லலேன்னு எழுதித்தான் ஆகணும்."

நகராட்சியின் மொத்த அதிகாரமும் மேலாளர் கையிலிருந்து நழுவி, யார் யார் கைக்கோ மாறி, கடைசியில் குழி தோண்டுகிறவன் வாய்க்கு வந்து நின்றது. ஜனவரியில் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. இப்போது சும்மா இருந்தாலே போதும். கால் மணி நேரம். போதகர் ஜபம் சொல்லி, பெட்டி இறங்கி, ஒரு பிடி மண்.

ஆர்னுக்குக் கரோலின் தலை ஞாபகம் வந்தது. முடி கொட்டிய பிறகு அவள் வீட்டுக்குள்ளேயும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் பெட்டியருகே போனான். டெல்பர்ட் தலையைத் தூக்கினார். இவன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.

"பாஸ்," என்றான் ஆர்ன். "நீங்க வெளிய போயிடுங்க."

லெம்பியின் தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போதகர் புத்தகத்தை மூடினார். டெல்பர்ட் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இடது பக்கப் பட்டை தேஞ்சிருக்கு," என்றார். "ஒரே பக்கமாச் சாயும். பிடிச்சு இறக்கு."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். டாமி பத்தடி தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனாள். மேட்டைத் தாண்டி அவர் மறைந்த பிறகு ஆர்ன் இடது பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு லெம்பியை மெதுவாக இறக்கினான். அழுகை வந்தது, அடக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அடுத்த அடக்கம் இருந்தது, அவர்களும் கேட்டில் வந்து நின்றுவிட்டார்கள்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஆர்ன் டெல்பர்ட்டின் தெருப் பக்கமே போகவில்லை. லெம்பியின் மண்ணில் புல் விதைத்தான், தண்ணீர் விட்டான். வேறு எந்தக் குழிக்கும் அப்படிச் செய்ததில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி புது மேலாளர் வந்தார். ஆறாம் தேதி காலையில் யாரும் கூப்பிடாமல் ஆர்னே போய் நின்றான். ஜனவரியில் ஆரம்பித்து ஒன்று விடாமல், தன் மேல் உள்ள தப்பையும் மறைக்காமல் சொன்னான். வாழ்நாளில் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். புது மேலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். நஷ்ட ஈட்டு விவகாரம் போன மாதமே தீர்ந்துவிட்டது என்றார். இரண்டு வரி தட்டச்சு செய்து, தடை இன்று முதல் ரத்து என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

ஆர்ன் நேரே டெல்பர்ட் வீட்டுக்கு வண்டியை விட்டான். அவர் கொட்டகை வாசலில் முக்காலி மேல் உட்கார்ந்து, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் பற்களை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். காகிதத்தை வாங்கித் தூரத்தில் பிடித்து, உதடு அசைய முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார்.

"வாங்க பாஸ், இப்பவே போலாம். நான் கூட்டிட்டுப் போறேன். புல்லு நல்லா வந்திருக்கு. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல..."

டெல்பர்ட் காகிதத்தை நாலாக மடித்தார். கோபமாகப் பேசவில்லை, வேலை சொல்லிக் கொடுக்கிற அதே குரல்.

"நகராட்சி என்னைப் போகச் சொன்னது ஒரு வருஷத்துக்கு. அதை இவங்க ரத்து பண்ணியாச்சு. நீ போகச் சொன்னியே ஆர்ன், அதுல தேதி எதுவும் இல்லையே."

மடித்த காகிதத்தை ஆர்னின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து அரத்தை எடுத்துக்கொண்டார்.